நிகழ்ச்சி மேலாண்மையில் இன்டர்ன்ஷிப்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியில் படிக்கும்போது சென்னையில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்தேன். படிப்பு முடிந்ததும் அதே துறைக்கு வந்துவிட்டேன். இப்போது பயிற்சிக்கு வரும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். என் வேலை பெரும்பாலும் திருமணம், வரவேற்பு, நிறுவனக் கூட்டம், கண்காட்சி ஆகியவற்றைச் சுற்றியே இருப்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன.

இன்டர்ன்ஷிப்பில் உண்மையில் என்ன வேலை தருவார்கள்?

விருந்தினர் பட்டியலைச் சரிபார்ப்பது, வருகிறார்களா என்று போன் செய்து கேட்பது, பெயர் அட்டைகளை அகர வரிசையில் அடுக்குவது, லாரியில் வந்து இறங்கும் பொருட்களை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, விமான நிலையத்துக்கும் எழும்பூர் ஸ்டேஷனுக்கும் கார் அனுப்புவது. முதல் சில வாரங்கள் இப்படித்தான் போகும். கருப்புச் சட்டையும் வாக்கிடாக்கியுமாக மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் கனவோடு வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டியல் வேலையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நானூறு பேருக்குப் போன் செய்து முடிக்கும்போது யாருடைய தாயாருக்குச் சக்கர நாற்காலி தேவை, யார் வெங்காயம் பூண்டு சேர்க்கமாட்டார்கள், எந்தக் குடும்பம் விடியற்காலை ரயிலில் வந்து இறங்குகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும். மண்டபத்தில் எந்த அறையை யாருக்கு ஒதுக்குவது, சரிவுப் பாதை எங்கே வேண்டும், இரவில் எத்தனை மணி வரை காபி இருக்க வேண்டும் என்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது; அதற்கு முன்பு 120 நாட்களாக இருந்தது. வெளியூர் விருந்தினர்களுக்கு அந்தத் தேதியை நினைவூட்டும் பொறுப்பும் பட்டியலை வைத்திருப்பவருடையதுதான்.

எந்த மாதத்தில் சேர்வது நல்லது?

உங்கள் கல்லூரி விடுமுறையோடு பஞ்சாங்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்நாட்டில் இந்துத் திருமணங்கள் அநேகமாக நடப்பதில்லை. புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவும் தவக்காலத்தையும், இஸ்லாமியக் குடும்பங்கள் பலவும் ரமலான் மாதத்தையும் விட்டுவிடுகின்றன. மே விடுமுறையில் வந்தால் வைகாசி முகூர்த்தங்கள் கிடைக்கும். வேலை மூச்சுமுட்ட இருக்கும், பார்ப்பதற்கும் நிறைய இருக்கும்.

என்னைக் கேட்டால் ஆடியில் சேரச் சொல்வேன். அப்போது நிறுவனங்களில் கூட்டம் குறைவு, சொல்லிக்கொடுக்க ஆட்களுக்கு நேரம் இருக்கும். ஆவணித் திருமணங்களுக்குக் கொட்டேஷன் போடுவதும், மண்டபம் பார்ப்பதும், பந்தல்காரரிடம் பேரம் பேசுவதும் அந்த மாதத்தில்தான் நடக்கும். ஒரு நிகழ்ச்சி காகிதத்தில் தொடங்கி வாழை மரம் கட்டுவது வரை வளர்வதைத் தொடர்ச்சியாகப் பார்க்க வேறு வாய்ப்பு கிடையாது. இடையில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஏதாவது ஒரு கண்காட்சிக்கும் அனுப்புவார்கள்.

டிசம்பரில் விடுமுறை கிடைப்பவர்கள் மார்கழி இசை விழா நடத்தும் ஏதாவது ஒரு சபாவில் தன்னார்வலராகச் சேரலாம். 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை விழாவின் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கியதிலிருந்து வளர்ந்த மரபு அது. ஒரே நாளில் பல கச்சேரிகள் நடக்கும் அரங்கில், ஒரு கச்சேரி முடிந்து அடுத்தது தொடங்கும் சிறிய இடைவெளியில் கூட்டத்தை வெளியேற்றி, அரங்கைச் சுத்தம் செய்து, மைக்கை அடுத்த வித்வானுக்கு ஏற்ப மாற்றி, மீண்டும் கதவைத் திறக்கிறார்கள். கேன்டீனில் அதே கூட்டம் காபிக்கு நிற்கிறது. அந்த ஒழுங்கைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே பெரிய பாடம்.

நிமிட அட்டவணையை எப்படித் தயாரிப்பது?

மாற்ற முடியாத நேரத்தை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். காலை 7.30 முதல் 9 வரை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். மணமகள் 7 மணிக்கு மேடைக்கு வர வேண்டும். ஒப்பனைக்கும் தலை அலங்காரத்துக்கும் இரண்டரை மணி நேரம் ஆகும் என்று ஒப்பனைக் கலைஞர் சொல்கிறார். அப்படியானால் 4.30-க்கு அவர் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும், 4.15-க்கு மண்டபத்துக்குள் வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாசல் கேட்டைத் திறக்க வாட்ச்மேன் விழித்திருக்க வேண்டும், மணமகள் குளிக்க 3.45-க்கு வெந்நீர் வர வேண்டும், அறையில் கண்ணாடிக்கு மேலே விளக்கு எரிய வேண்டும். ஆக, முகூர்த்தம் குறித்த நேரத்தில் நடக்க வேண்டுமானால் முதல் நாள் இரவே வாட்ச்மேனிடம் பேசியிருக்க வேண்டும். அட்டவணையில் அந்த வரியும் இருக்க வேண்டும்.

பூவும் அப்படித்தான். கோயம்பேட்டில் பூ வியாபாரம் விடிவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். முகூர்த்த நாட்களில் மல்லிகை விலை ஏறிவிடும். மாலை எத்தனை மணிக்குக் கட்டி முடிக்கப்படுகிறது, யார் எடுத்துவருகிறார், வந்ததும் எங்கே வைக்கப்படும், ஈரத்துணி இருக்கிறதா என்று நான்கு வரிகள் அதற்கு மட்டும் வேண்டும்.

சடங்குகளின் வரிசை ஒவ்வொரு சமூகத்திலும், சில சமயம் ஒவ்வொரு குடும்பத்திலும் மாறுகிறது. காசி யாத்திரையும் ஊஞ்சலும் இருக்கும் வீடும் உண்டு, பெண்ணழைப்பை முதல் நாள் மாலையே முடித்துவிடும் வீடும் உண்டு, தாலி கட்டுவதற்கு முன்பு மணமகள் கூரைப்புடவை மாற்றிக்கொண்டு வரும் வீடும் உண்டு. அந்தப் புடவை மாற்றத்துக்கு இருபது நிமிடமாவது ஆகும்; அட்டவணையில் அது இல்லாவிட்டால் புரோகிதர் காத்திருப்பார், நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே இருப்பார், நேரம் ஓடும். பழைய அட்டவணையை அப்படியே நகலெடுக்காதீர்கள். வீட்டின் மூத்த பெண்மணி ஒருவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து, “பாட்டி, உங்கள் வீட்டு வழக்கத்தில் எது முதலில் வரும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

இன்னொன்று: கெட்டிமேளம் முழங்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அரங்கில் இருக்கும் எல்லோர் கையிலும் அட்சதை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை பெரும்பாலும் இன்டர்னிடம்தான் வரும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களிடம் முதலில் கொண்டுபோங்கள். அவர்களால் எழுந்து வந்து வாங்கிக்கொள்ள முடியாது. ஆசீர்வதிக்க வந்தவர்களே அவர்கள்தான்.

வரவேற்பில் வரிசை ஏன் எப்போதும் நீண்டுவிடுகிறது?

யாரும் கணக்குப் போடாததால். 600 பேர் வருகிறார்கள், சராசரியாக மூன்று பேர் கொண்ட குடும்பங்கள் என்று கொள்வோம். 200 குடும்பங்கள். மேடை ஏறி, கைகொடுத்து, பரிசைக் கொடுத்து, படமெடுத்து, இறங்க ஒரு குடும்பத்துக்கு 45 விநாடி. மொத்தம் 9,000 விநாடி, அதாவது இரண்டரை மணி நேரம். 7 மணிக்கு மணமக்கள் மேடை ஏறினால் எந்தத் தடையும் இல்லாமல் 9.30 ஆகும். நடைமுறையில் அவர்கள் 7.40-க்குத்தான் வருவார்கள், நண்பர்கள் கூட்டம் ஒன்று ஏறி எட்டுப் படம் எடுக்கும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே வீட்டாரிடம் பேசலாம். முதியவர்களையும் கைக்குழந்தையோடு வருபவர்களையும் தனி வழியில் ஏற்றலாம். வரிசை நிற்கும் இடத்தில் நாற்காலிகள் போட்டு, தண்ணீர் வைக்கலாம். ஏறும் படியும் இறங்கும் படியும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதை அலங்காரக்காரரிடம் மேடை வரையும்போதே சொல்லிவிட வேண்டும். பூ வைத்து முடித்த பிறகு சொன்னால் நடக்காது. பரிசுப் பொருட்களை வாங்கி வைக்கக் குடும்பத்தைச் சேர்ந்த நம்பிக்கையான ஒருவர் மேடையிலேயே இருக்கட்டும். அந்தப் பொறுப்பை இன்டர்ன் ஏற்கக் கூடாது. கேட்டாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கில் ஒரு மாணவர் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

நிறையவே. சாப்பாட்டுக் கூடத்தில் 250 இலை போட முடியும், ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்து மேசை துடைத்து அடுத்த இலை போட 40 நிமிடம் ஆகும் என்றால், 1,000 பேருக்கு நான்கு பந்தி, ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடத்துக்கு இறங்குவார்கள். சாப்பிடுபவர்களின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நிற்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். சாப்பிடுபவருக்கும் சங்கடம், நிற்பவருக்கும் சங்கடம். முகூர்த்தத்துக்கு முன்பே முதல் பந்தியைத் தொடங்குவது, கூடத்துக்கு வெளியே உட்கார இடம் கொடுப்பது, ஓரிடத்தில் காபியும் மோரும் வைப்பது ஆகியவை இந்த நெருக்கடியைப் பாதியாகக் குறைக்கின்றன.

எத்தனை பேருக்குச் சமைப்பது என்பதில் சமையல் மாஸ்டரின் கணிப்பை நான் பெரிதும் நம்புகிறேன். அழைப்பிதழ் எத்தனை, எந்தக் கிழமை, எந்த ஊர்க்காரர்கள், அன்று ஊரில் வேறு எத்தனை முகூர்த்தம் என்று அவர் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கான பதில்தான் எண்ணிக்கை.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களில், சாப்பாட்டு மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் அடங்கும். பொருட்கள் இறங்கும்போதே பார்த்துத் திருப்பி அனுப்புவது சரிபார்ப்பவரின் வேலை.

மின்சாரம், ஒலி எல்லாம் பொறியியல் மாணவர்களுக்குத்தானே?

எல்லோருக்கும் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். 125 கேவிஏ ஜெனரேட்டர் என்றால் நடைமுறையில் ஏறக்குறைய 100 கிலோவாட் கிடைக்கும். எல்.இ.டி திரை, மேடை விளக்கு, குளிர்சாதனம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து அதற்குள் அடங்குகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஒலிக்கும் விளக்குக்கும் தனித்தனி இணைப்பு கொடுத்தால் ஒலிபெருக்கியில் இரைச்சல் வருவது பெருமளவு குறையும். எர்த் சரியாகப் போடப்பட்டிருக்கிறதா, நடைபாதையின் குறுக்கே கேபிள் போகிறதா, போனால் மேலே மூடி போட்டிருக்கிறார்களா, ஜெனரேட்டர் புகை சமையல் கட்டுக்கோ குழந்தைகள் தூங்கும் அறைக்கோ போகிறதா என்பவற்றைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மழைக்காலத்தில் இரும்புத் தூண்கள் மேல் ஓடும் வயரைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள். யாருக்கு வேலை தடைபடுமோ என்று தயங்க வேண்டாம்.

என்னென்ன அனுமதிகள் வாங்க வேண்டும்?

இடத்தையும் நிகழ்ச்சியையும் பொறுத்து மாறும். பொது இடத்தில் கூட்டம் கூடினால் காவல்துறை அனுமதி, ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி, பெரிய தற்காலிகப் பந்தலுக்குத் தீயணைப்புத் துறையின் ஒப்புதல், உணவு தருபவருக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் மட்டும் கேட்கும் ஏற்பாட்டுக்கு விலக்கு உண்டு. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். மண்டபத்துக்குப் பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதா என்று முதல் முறை இடம் பார்க்கப் போகும்போதே கவனியுங்கள்.

பாட்டு போடுவதற்கும் உரிமம் உண்டு. நிறுவன விருந்து, டிக்கெட் நிகழ்ச்சி போன்றவற்றில் பதிவு செய்யப்பட்ட பாடல்களை ஒலிக்கவிட பிபிஎல், ஐபிஆர்எஸ் போன்ற அமைப்புகளிடம் உரிமம் பெறுவது வழக்கம். திருமணத்துக்கும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. இது தெரியாமல் திருமண வீட்டார் பயந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்ட நெரிசல் பற்றி ஓர் இன்டர்ன் கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். இந்தத் தொழிலில் வேறெதைவிடவும் இதைப் பற்றி.

2023 நவம்பர் 25 அன்று கொச்சிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்திய தொழில்நுட்ப விழாவின் இசை நிகழ்ச்சியில் நான்கு பேர் இறந்தார்கள். திறந்தவெளி அரங்கு. வாசலுக்கு வெளியே காத்திருந்தவர்கள் மழை வந்ததும் உள்ளே ஒதுங்க முண்டியடித்தார்கள். வாசலைத் தாண்டியதும் கீழே இறங்கும் படிகள். முன்னால் போனவர்கள் விழுந்தார்கள். பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் நடந்தது தெரியவில்லை. அந்த விழாவை ஏற்பாடு செய்தவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள். இந்தச் செய்தியை ஒவ்வொரு புதிய குழுவிடமும் நான் சொல்கிறேன். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்த பலரால் உள்ளே போகவே முடியவில்லை. சாலை முழுக்க வாகனங்கள் நின்றன; பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தார்கள். பணத்தைத் திருப்பித் தருவதாக ரஹ்மானே அறிவிக்க வேண்டி வந்தது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் வான் சாகச நிகழ்ச்சிக்கு வந்த பெருங்கூட்டத்தில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். கொளுத்தும் வெயில், போதாத தண்ணீர், முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் திரண்டது எல்லாம் சேர்ந்தன.

மூன்றிலும் மேடை நன்றாகவே இருந்தது. பிரச்சினை வாசலில், சாலையில், வெயிலில்.

கணக்குகள் எளிமையானவை. நிற்கும் கூட்டத்தில் ஒரு சதுர மீட்டரில் நான்கு பேரைத் தாண்டினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆறேழு பேர் ஆகிவிட்டால் தனி மனிதரின் கால் அவருடைய கட்டுப்பாட்டில் இல்லை, கூட்டம் நீர்போல நகரத் தொடங்கிவிடும். வெளியேறும் வழியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்தில் சுமார் 80 பேர் சமதளத்தில் போகலாம், படியில் இன்னும் குறைவு. 3,000 பேர் இருக்கும் இடத்தில் இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரே வாசல் என்றால் எல்லோரும் வெளியேற 19 நிமிடம் ஆகும். தீ விபத்தில் அவ்வளவு நேரம் கிடைக்காது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இல் கூட்ட மேலாண்மைக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்டர்ன்ஷிப்புக்கு முன்பு ஒரே ஓர் ஆவணம் படிக்க நேரமிருந்தால் அதைப் படியுங்கள்.

உங்கள் முதல் நிகழ்ச்சியிலேயே ஒன்று செய்யலாம். கதவுகள் திறப்பதற்கு முன்பு எல்லா வெளியேறும் வழிகளையும் நடந்து பாருங்கள். பூட்டு தொங்குகிறதா, நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கிறார்களா, அலங்காரத் திரை மறைக்கிறதா என்று பாருங்கள். மறைத்திருந்தால் நகர்த்தச் சொல்லும் தைரியம் உங்களுக்கு வேண்டும். பதவியில் சிறியவர் என்பதால் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் இதுவல்ல.

மழைக்கு என்ன செய்வது?

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் புல்வெளியில் வரவேற்பு வேண்டும் என்று கேட்பார்கள். மூடிய மாற்று இடம் ஒன்றை அதே நாளுக்குப் பதிவு செய்யாமல் சம்மதிக்கக் கூடாது. எந்த நேரத்துக்குள் இடம் மாற்றும் முடிவை எடுக்க வேண்டும், அதை எடுப்பவர் யார் என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். பந்தல் துணியில் தண்ணீர் தேங்கினால் எடை கூடிச் சரியும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் தேவை.

பந்தல்காரர், மைக்செட்காரர், சமையல்காரர் ஆகியோரிடம் எப்படிப் பழகுவது?

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமானது. அலுவலகத்தில் விளக்கப்படங்கள் காட்டுவார்கள். ஆனால் கம்பத்தை எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும், காற்று எந்தப் பக்கமிருந்து வரும், எந்த மண்டபத்தில் எந்த மூலையில் ஒலி எதிரொலிக்கும் என்பது இருபது முப்பது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்பவர்களுக்குத்தான் தெரியும்.

வயதில் மூத்தவரை அண்ணன் என்றோ ஐயா என்றோ அக்கா என்றோ அழையுங்கள், பெயரைக் கேட்டு நினைவில் வையுங்கள். “ஏய், இதை இங்கே வை” என்று விரலை நீட்டிச் சொல்லும் சில மாணவர்களைப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது. இரவு முழுக்கப் பாரம் தூக்கியவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சாப்பாடு போனதா என்று கேட்பது உங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் இருக்க வேண்டும். கடைசிப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் ஒலி, ஒளி ஆட்களுக்கு நினைவு வருகிறது. அதற்குள் சாம்பார் தீர்ந்திருக்கும். அவர்களுக்கு எத்தனை சாப்பாடு என்பதை முதலிலேயே சமையல் கணக்கில் சேர்த்துவிடுங்கள். மேடையைப் பிரிக்கும்போதும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கட்டியதைவிடப் பிரிக்கும்போதுதான் எது எதைத் தாங்கியது என்று நன்றாகப் புரிகிறது.

சம்பளம் தருவார்களா? பணத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சில நிறுவனங்கள் உதவித்தொகை தருகின்றன, பல தருவதில்லை. சேருவதற்கு முன்பே நான்கு விஷயங்களை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்: உதவித்தொகை உண்டா, நிகழ்ச்சி நாட்களில் போக்குவரத்தும் சாப்பாடும் யார் பொறுப்பு, இரவு வேலைக்குப் பின் அடுத்த நாள் ஓய்வு உண்டா, சான்றிதழில் என்ன எழுதுவார்கள். பண்டிகைக் காலத்தில் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க மட்டும் மாணவர்களைச் சேர்த்து, நிகழ்ச்சி முடிந்ததும் மறந்துவிடும் இடங்களும் உண்டு. கற்றுக்கொடுக்க ஒருவரைக் குறிப்பிட்டு நியமிக்கிறார்களா என்று கேட்டாலே தெரிந்துவிடும். விலகுவதில் தவறில்லை.

கைச்செலவுக்குப் பணம் கொடுத்தால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கி, அன்று இரவே எழுதி, படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். கொட்டேஷனைப் படிக்கும்போது ஜிஎஸ்டி உள்ளடக்கமா தனியா, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி சேர்ந்ததா, நேரம் கூடினால் எவ்வளவு என்று பாருங்கள். நிகழ்ச்சி ஏற்பாட்டுச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இரண்டு கொட்டேஷன்களில் ஒன்று மலிவாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் அதைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பதுதான் காரணம்.

இரவு நேர வேலை. வீட்டில் அனுமதிக்கத் தயங்குகிறார்கள். என்ன சொல்வது?

அவர்களின் தயக்கம் நியாயமானது. அதை நிறுவனத்திடம் நேரடியாகவே பேசுங்கள். வேலை முடிந்ததும் வீடுவரை வண்டி ஏற்பாடு உண்டா, இடத்தில் பூட்டக்கூடிய அறையும் கழிப்பறையும் உண்டா, பெண் ஊழியர் வேறு யார் இருப்பார்கள் என்று பெற்றோரையும் வைத்துக்கொண்டே கேட்கலாம். இதற்கு முகம் சுளிக்கும் நிறுவனத்தில் சேர வேண்டாம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியில் இருக்கும் பெண்களுக்கும், சம்பளம் வாங்காத பெண்களுக்கும் பொருந்தும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும்; அதற்கும் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். வாடிக்கையாளர் வீட்டு விருந்தினர் ஒருவர் அத்துமீறினாலும் இது பொருந்தும். “பெரிய இடத்து ஆள், பொறுத்துக்கொள்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கல்லூரிக் கலைவிழா நடத்தியிருக்கிறேன். அது போதாதா?

நல்ல தொடக்கம். ஆனால் கல்லூரியில் இடம் உங்களுடையது, பார்வையாளர்கள் உங்கள் நண்பர்கள், தாமதமானாலும் சிரித்துக்கொள்வார்கள். வெளியே ஒரு குடும்பம் பல ஆண்டுச் சேமிப்பை உங்கள் கையில் கொடுக்கிறது. அந்த வித்தியாசத்தை உணர்ந்தவர்கள் வேகமாக வளர்கிறார்கள்.

பெரிய நிகழ்ச்சியில் வேலை செய்தால்தான் மதிப்பா?

பெயருக்கு மதிப்பு உண்டு. ரஷ்யாவில் நடக்கவிருந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் சென்னைக்கு மாற்றப்பட்டு, நான்கே மாதத்தில் தயாராகி, 2022 ஜூலை 28-இல் தொடங்கியது. மாமல்லபுரத்தில் 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் ஆடின. அப்படி ஒன்றில் ஒரு மூலையில் நிற்பதும் பெருமைதான். ஆனால் பெரிய நிகழ்ச்சியில் ஓர் இன்டர்ன் ஒரு கதவை மட்டும் பார்ப்பார். எண்பது பேர் வரும் சீமந்தத்தில் பூ முதல் பில் வரை முழுவதையும் பார்க்கலாம். முதல் இன்டர்ன்ஷிப்புக்கு நான் சிறியதையே சொல்வேன்.

கல்லூரிக்குத் தரும் அறிக்கையை எப்படி எழுதுவது?

நிறுவனத்தின் வரலாறு, நோக்கம், பார்வை என்று அவர்களுடைய இணையதளத்திலிருந்து பத்துப் பக்கம் எடுத்துப் போடாதீர்கள். ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டமிட்ட நேரம் ஒரு நெடுவரிசையில், நடந்த நேரம் அதற்கு அடுத்த நெடுவரிசையில். எங்கே விலகியது, ஏன், யார் எப்படிச் சரிசெய்தார், அடுத்த முறை அட்டவணையில் எந்த வரி கூட வேண்டும் என்று எழுதுங்கள். விருந்தினர் வருகையை அரை மணிக்கு ஒரு முறை எண்ணி வைத்திருந்தால் அதையும் சேருங்கள். அப்படி எண்ணியவர்கள் மிகக் குறைவு, வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் தேடுவதும் அதைத்தான். வாடிக்கையாளரின் பெயர், படம், செலவுத்தொகை ஆகியவற்றை அனுமதியில்லாமல் போடக் கூடாது.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்குமா?

முழுநேர வேலை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தினக்கூலிக்கு அழைப்பது அதிகம் நடக்கிறது, அது நல்ல வழிதான். கடைசி நாளில் உங்கள் மேற்பார்வையாளரிடம் மட்டும் விடைபெற்றுக்கொண்டு போய்விடாதீர்கள். பந்தல்காரர், அலங்காரக்காரர், ஒலி, ஒளி ஆட்கள், சமையல் மாஸ்டர் எல்லோருக்கும் போன் செய்து சொல்லிவிட்டு, அவர்களுடைய எண்களை ஊரும் வேலையும் குறித்துப் பத்திரப்படுத்துங்கள். என்னிடம் வேலை கேட்டு வந்தவர்களில் சிலரை ஒரு மைக்செட் அண்ணன்தான் அனுப்பி வைத்தார். “இந்தப் பெண் வயரைத் தாண்டிப் போகாது, நின்று ஒதுக்கிவிட்டுத்தான் போகும்” என்று சொல்லி ஒருவரை அனுப்பினார். அவரை அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.